பெயர் சொன்னால் முகவரி வரும்

இணையப் பக்கத்தில் உள்ள ஓர் இணைப்புக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, படிப்பவர் கண்ணில் படும் சொல். மற்றொன்று, அந்தச் சொல்லைத் தொட்டதும் பிரவுசர் போக வேண்டிய முகவரி. பக்கங்களைக் கையால் எழுதிய காலத்தில் இரண்டையும் ஒரே ஆள் எழுதினார். பத்துப் பக்கத் தளத்தில் ஏதாவது ஒரு முகவரி மாறினால் உட்கார்ந்து தேடித் திருத்திவிடலாம். இன்றைய செய்தித்தளமோ கடைத்தளமோ அப்படி இயங்குவதில்லை. செய்திகள் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. யாராவது கேட்கும்போதுதான் சர்வர் தலைப்பையும் உடலையும் தேதியையும் எடுத்து, டெம்ப்ளேட் எனப்படும் வார்ப்பில் இட்டு, பக்கத்தை உருவாக்கி அனுப்புகிறது. பக்கமே அப்போதுதான் உருவாகிறது என்றால் அதில் உள்ள இணைப்புகளும் அப்போதுதான் உருவாக வேண்டும்.

இதற்கு எளிதாகத் தோன்றும் வழி ஒட்டுவேலை. ‘/செய்தி/’ என்று எழுதி, அதன் பின்னால் செய்தியின் எண்ணை ஒட்டி, ஒரு சாய்கோடு போட்டால் ‘/செய்தி/127/’ கிடைத்துவிடும். இது சரியாக வேலை செய்யும் என்பதுதான் இதன் ஆபத்து. முகப்பில் ஒரு முறை, தேடல் முடிவில் ஒரு முறை, ‘தொடர்புடைய செய்திகள்’ பெட்டியில் ஒரு முறை, வாசகருக்குப் போகும் மின்னஞ்சலில் ஒரு முறை என்று அதே ஒட்டுவேலை தளம் முழுக்கப் பரவும். ஓராண்டு கழித்து, முகவரியில் ஆண்டும் இருக்க வேண்டும், ‘/செய்தி/2024/127/’ என்று மாற்றுங்கள் என ஆசிரியர் குழு சொல்லும். அன்றைக்குத்தான் அந்த ஒட்டுக்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது என்பது தெரியவரும். முகப்பு திருத்தப்பட்டிருக்கும், மின்னஞ்சல் டெம்ப்ளேட்டை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

இந்த அத்தியாயத்தின் எடுத்துக்காட்டு முகவரிகள் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழிலேயே தரப்படுகின்றன. தமிழ் முகவரிகளுக்கே உரிய தொல்லைகள் பின்னால் தனியே வரும்.

கோப்பே முகவரியாக இருந்த காலம்

தொடக்க கால இணையத்தில் முகவரி என்பது சர்வரின் வட்டில் ஒரு கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டியது. 1993ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இயங்கிய என்சிஎஸ்ஏ மையம் வகுத்த சிஜிஐ முறை, கோப்பை அப்படியே அனுப்புவதற்குப் பதிலாக ஒரு நிரலை ஓட்டி அதன் விடையை அனுப்ப வழிசெய்தது. 1995ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி அந்த வேலையை யாரும் செய்யக்கூடியதாக்கியது. ஆனாலும் முகவரியில் நிரல் கோப்பின் பெயர் அப்படியே தெரிந்தது. ‘செய்தி.பிஎச்பி’, ஒரு கேள்விக்குறி, அதன் பின் ‘எண்=127’. நாளை நிரல்மொழி மாறினால் முகவரியும் மாறும்.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998ல் இதைக் கண்டித்துச் சிறு கட்டுரை ஒன்று எழுதினார். கோப்பின் பின்னொட்டு, எழுதியவர் பெயர், ‘வரைவு’ போன்ற நிலைக்குறிப்பு, உள்ளே ஓடும் மென்பொருளின் அடையாளம் ஆகிய எதுவும் முகவரியில் இருக்கலாகாது, இவை எல்லாம் மாறக்கூடியவை என்பது அவர் வாதம். அதைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் முகவரியையும் கோப்பையும் பிரித்தாக வேண்டும். தளம் கட்டுவதற்கான ஆயத்தச் சட்டகங்களான வெப் ஃப்ரேம்வொர்க்குகள் செய்த முதல் பெரிய காரியம் அந்தப் பிரிவினைதான்.

இவற்றில் ஜாங்கோவின் கதை ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் தொடங்குகிறது. கேன்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் வெளிவரும் ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு’ நாளிதழின் இணையப் பிரிவில் பணியாற்றிய அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003ல் பைத்தான் மொழியில் தளங்களைக் கட்டத் தொடங்கினார்கள். செய்தித்தாளின் அவசரத்துக்கு ஏற்ப, சில நாட்களில், சில சமயம் சில மணி நேரங்களில், புதிய பகுதிகளை எழுப்ப வேண்டியிருந்தது. அந்த வேலையிலிருந்து பொதுவான பகுதியைப் பிரித்தெடுத்து 2005 ஜூலையில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். கட்டுரை, ஆண்டு, மாதம் என்று ஜாங்கோ ஆவணங்களின் எடுத்துக்காட்டுகள் இன்றும் பத்திரிகை வாடை அடிப்பதற்கு இந்தப் பிறப்பே காரணம்.

ஜாங்கோவில் முகவரிகள் எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் முகவரியின் வடிவம், அந்த வடிவம் வந்தால் ஓட வேண்டிய நிரல் துண்டு, அந்த வரிக்கு ஒரு பெயர் என மூன்று இருக்கும். வடிவம் என்பது ‘செய்தி, சாய்கோடு, ஒரு முழுஎண், சாய்கோடு, இன்னொரு முழுஎண், சாய்கோடு’ என்பதைப் போன்ற விவரிப்பு. நிரல் துண்டை வியூ என்பார்கள். கோரிக்கை ஒன்று வந்ததும் பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். முதலில் பொருந்தும் வரியே வெல்லும். ‘/செய்தி/2024/127/’ வந்தால், 2024 ஆண்டு என்றும் 127 செய்தி எண் என்றும் பிரிக்கப்பட்டு வியூவின் கையில் கொடுக்கப்படும். பெயர் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. வந்த முகவரியைப் பிரிப்பதற்கு வடிவமும் வியூவும் போதும்.

பின்னோக்கிப் படிப்பது

மூன்றாவது பாகமான பெயர் எதிர்த்திசைக்காக வைக்கப்பட்டது. அதே பட்டியலைப் பின்னோக்கிப் படித்தால், ‘செய்தி-விவரம்’ என்ற பெயரும் 2024, 127 என்ற இரண்டு மதிப்புகளும் தந்து முகவரியைப் பெறலாம். டெம்ப்ளேட்டில் இதற்கென ஒரு குறிச்சொல் இருக்கிறது. அதைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதினால் இப்படி இருக்கும்:

{% யூஆர்எல் 'செய்தி-விவரம்' செய்தி.ஆண்டு செய்தி.எண் %}

இந்த வரியில் முகவரி எங்கும் இல்லை. சாய்கோடு ஒன்றுகூடக் கிடையாது. போக வேண்டிய இடம் எது, அதற்கு என்ன விவரம் தேவை என்பது மட்டுமே இருக்கிறது. கைப்பேசியில் ஒருவரின் எண்ணைப் பெயரோடு சேமித்து வைத்தவர், அவர் எண் மாறினால் ஓரிடத்தில் திருத்திவிட்டுப் பழையபடி பெயரைத் தொட்டு அழைப்பதைப் போன்றதுதான் இது. பட்டியலில் வடிவத்தை மாற்றினால் முகப்பு, தேடல், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் புதிய முகவரி தானாக வரும்.

பின்னோக்கிப் படிப்பது சொல்வதற்கு எளிது. உள்ளே நடப்பது அவ்வளவு எளிதல்ல. ஜாங்கோவின் பழைய பட்டியல்களில் வடிவங்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷன்களாக எழுதப்பட்டன. 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில்தான் ‘முழுஎண்’, ‘சரம்’ என்று வகையைச் சொல்லி எழுதும் எளிய முறை வந்தது. அடியில் அதுவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனாகவே மாற்றப்படுகிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷன், கையில் இருக்கும் எழுத்துச்சரம் பொருந்துகிறதா என்று சோதிக்கப் பிறந்த கருவி. பொருந்தக்கூடிய ஒரு சரத்தை ஆக்கித் தா என்று அதனிடம் கேட்பது அதன் இயல்புக்கு மாறானது. எனவே ஜாங்கோ வடிவத்தை ஒரு முறை ஆராய்ந்து, மாறாத பகுதிகளை அப்படியே வைத்து, மாறும் பகுதிகளைக் காலி இடங்களாக்கி ஒரு படிவம் தயாரிக்கிறது. ‘இது அல்லது அது’ என்று இரண்டு வழி தரும் வடிவங்களில் எதைத் தேர்வது என்று தெரியாது. அவற்றைப் பின்னோக்கிப் படிக்க அது மறுத்துவிடும்.

படிவத்தின் காலி இடங்களில் மதிப்புகளை இட்ட பிறகும் வேலை முடிவதில்லை. கிடைத்த முகவரி மூல வடிவத்தோடு உண்மையிலேயே பொருந்துகிறதா என்று திரும்பவும் ஒரு முறை சோதிக்கப்படுகிறது. ஆண்டு நான்கு இலக்கம் என்று வடிவம் சொல்லியிருக்க, ‘24’ என்று கொடுத்தால் படிவம் நிரம்பும், ஆனால் இந்தச் சோதனை அதைத் தள்ளிவிடும். இப்படி உருவாகும் முகவரியைத் தளத்துக்கே திருப்பி அனுப்பினால் பட்டியலில் ஏதாவது ஒரு வரி அதை ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதி இதனால் கிடைக்கிறது. ஒட்டுவேலையால் தர முடியாதது இந்த உறுதிதான்.

தவறு நேரும்போது இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். ஜாங்கோ டெம்ப்ளேட்டில் இல்லாத மாறியின் பெயரை எழுதினால் பிழை எதுவும் வராது. அந்த இடம் காலியாக விடப்படும். வடிவமைப்பாளர் ‘செய்தி.எண்’ என்பதற்குப் பதில் ‘செய்தி.என்’ என்று தட்டிவிட்டார் என்று கொள்வோம். ஒட்டுவேலையில் ‘/செய்தி//’ என்ற முகவரி உருவாகும். பக்கம் அழகாகத் திறக்கும். வாசகர் தொடும்போதுதான் ‘பக்கம் இல்லை’ என்று வரும். அதைத் தள உரிமையாளருக்குச் சொல்ல எந்த வாசகரும் மெனக்கெடமாட்டார். குறிச்சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் காலி மதிப்பு முழுஎண் வடிவத்தோடு பொருந்தாது. பக்கமே உருவாகாமல் நின்று, இன்ன பெயருக்கு இன்ன மதிப்புகளோடு வரி இல்லை என்ற பிழைச்செய்தி எழுதியவரின் திரையிலேயே வரும். ஜாங்கோ கற்பவர்கள் முதல் வாரத்தில் அதிகம் சபிக்கும் பிழை இது. அவர்கள் நன்றி சொல்ல வேண்டிய பிழையும் இதுவே. இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற இடங்களுக்கு மட்டும், முடிவை ஒரு மாறியில் வாங்கிக்கொண்டு பிழையை விழுங்கும் வடிவமும் உண்டு. அதைத் தேவை தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

குறிச்சொல்லின் எழுத்துமுறையும் ஒரே நாளில் இப்படி அமைந்துவிடவில்லை. 2013 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பு வரை பெயரை மேற்கோள்குறி இல்லாமல் எழுதினார்கள். பெயரை ஒரு மாறியிலிருந்து எடுக்க அதில் வழியில்லை. மாறியின் பெயரை எழுதினாலும் அதையே வரியின் பெயராக எடுத்துக்கொள்ளும். 1.5ல் மேற்கோள்குறி கட்டாயமானது. மேற்கோளோடு எழுதினால் பெயர், இல்லாமல் எழுதினால் மாறி. அதன் விலையாக, பழைய தளங்களின் ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு மேற்கோள்குறிகளைச் செருக வேண்டியிருந்தது.

பெரிய தளங்களில் பெயர்கள் மோதும். செய்திப் பகுதிக்கும் விளையாட்டுப் பகுதிக்கும் ‘விவரம்’ என்றே பெயர் வைத்திருப்பார்கள். பகுதியின் பெயரை முன்னால் சேர்த்து, இடையில் முக்காற்புள்ளி இட்டு ‘விளையாட்டு:விவரம்’ என்று எழுதினால் தீர்ந்தது.

மற்ற ஃப்ரேம்வொர்க்குகளும் இதே எண்ணத்தைத் தத்தம் வழியில் செய்கின்றன. டேவிட் ஹைனெமெயர் ஹான்ஸன் 2004ல் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ், பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே ஒரு செயற்கூறைத் தானே உருவாக்கிக் கொடுத்துவிடுகிறது. செய்தி என்ற பொருளையே இணைப்புக்குக் கொடுத்தால், அதன் வகையைப் பார்த்து எந்தப் பெயர் என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். ஜாங்கோவில் இதற்கு ஈடாக, ஒவ்வொரு பொருளும் தன் முகவரியைத் தானே சொல்லும் செயற்கூறு ஒன்றை எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. டெம்ப்ளேட் எழுதுபவருக்கு ஆண்டும் எண்ணும் தேவை என்பதுகூடத் தெரிய வேண்டியதில்லை என்பதால் இதுவே மேலான முறை. ஆர்மின் ரோனாகர் 2010 ஏப்ரல் 1 அன்று விளையாட்டாக வெளியிட்டதிலிருந்து வளர்ந்த ஃபிளாஸ்க், வடிவத்தில் இடமில்லாத கூடுதல் மதிப்புகளைக் கேள்விக்குறிக்குப் பின்னால் சேர்த்துவிடுகிறது. பிஎச்பி உலகின் லாரவெலும் அப்படியே. எழுதுவதற்கு இது வசதி. ஆனால் விருப்ப மதிப்பு ஒன்றின் பெயரைத் தவறாக எழுதினால் அந்தத் தவறும் சத்தமில்லாமல் முகவரியின் வாலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வால் பற்றிக் கொஞ்சம். தேடல் பக்கத்தில் கேள்விக்குறிக்குப் பின்னால் தேடுசொல், பக்க எண், வரிசை முறை எல்லாம் இருக்கும். ‘அடுத்த பக்கம்’ இணைப்பு பக்க எண்ணை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே காக்க வேண்டும். ஜாங்கோவில் இத்தனை எளிய வேலைக்குப் பல ஆண்டுகள் நேரான வழி இல்லை. ஆளுக்கொரு துணைக்கருவி எழுதிக்கொண்டார்கள். 2024 ஆகஸ்டில் வந்த 5.1 பதிப்பில்தான் இதற்கென்றே ஒரு குறிச்சொல் சேர்ந்தது.

முகவரி உருவாக்கத்தில் பாதுகாப்புச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. பிரவுசர்கள் இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் முகவரியை வேறொரு தளத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும். தளத்தின் முதல் சாய்கோட்டுக்குப் பின் பயனர் தரும் மதிப்பு வருகிற வடிவம் ஒன்று பட்டியலில் இருந்து, அந்த மதிப்பே ஒரு சாய்கோட்டோடு தொடங்கினால், உருவாகும் முகவரி வாசகரை எங்கோ கொண்டுபோய் விடும். 2014ல் இந்த ஓட்டை கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டது. அதன் பின் ஜாங்கோ இரண்டாவது சாய்கோட்டை விழுக்காட்டுக் குறியீடாக மாற்றியே வெளியிடுகிறது.

தமிழ்த் தலைப்பு முகவரியாகும்போது

முகவரியில் எண்ணோடு தலைப்பும் இருந்தால் படிப்பவருக்கும் தேடுபொறிக்கும் உதவும். தலைப்பிலிருந்து நிறுத்தற்குறிகளை நீக்கி, இடைவெளிகளைச் சிறுகோடாக்கிக் கிடைக்கும் துண்டைச் ‘ஸ்லக்’ என்பார்கள். பத்திரிகை அலுவலகங்களின் சொல் அது. ஜாங்கோவுக்குள் வந்தது லாரன்ஸ் நகரத்து வழியாக. ஆங்கிலத் தலைப்புக்கு இது இரண்டு வரி வேலை. தமிழுக்கு வரும்போது மூன்று இடங்களில் இடறுகிறது.

முதல் இடறல் நீளம். முகவரிகளின் இலக்கணத்தை வகுக்கும் 2005ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3986 ஆவணப்படி, முகவரியில் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் தவிர வேறெதுவும் நேரடியாக இருக்கக் கூடாது. மற்ற எழுத்துகளின் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியாகவும் இரண்டு பதினறும இலக்கங்களாகவும் எழுதப்பட வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். ஆக, ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து. ‘செய்திகள்’ என்பதில் உயிர்மெய்க்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து ஒன்பது குறியீடுகள். முகவரியில் அது 81 எழுத்துகளாக விரியும். பிரவுசர்கள் மேற்பட்டையில் இதைத் தமிழாகவே காட்டுகின்றன. நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போதுதான் சுயரூபம் தெரிகிறது. தமிழ் விக்கிப்பீடியா இணைப்பைப் பகிர்ந்த எவரும் அந்த விழுக்காட்டுக் குறிகளின் வரிசையைப் பார்த்திருப்பார்கள். இது அழகின்மை மட்டுமே, பிழையல்ல. முகவரியை உருவாக்கும்போது ஜாங்கோ இந்த மாற்றத்தைத் தானே செய்துவிடும்.

இரண்டாவது இடறல் பிழையே. ஜாங்கோவின் ஸ்லக் ஆக்கும் கருவி இயல்பாக ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடும். ‘தஞ்சைக் கோவில் 2024’ என்ற தலைப்பு ‘2024’ என்று மிஞ்சும். எண் இல்லாத தமிழ்த் தலைப்பில் ஒன்றுமே மிஞ்சாது. பிறமொழி எழுத்துகளை அனுமதிக்கச் சொல்லும் விருப்பம் ஒன்று அதே கருவியில் உண்டு. அதைப் போட்டால் தமிழ் எழுத்துகள் வரத்தான் செய்யும், ஆனால் காலும் கொம்பும் புள்ளியும் இல்லாமல் வரும். காரணம் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொறியில் இருக்கிறது. ‘சொல்லெழுத்து’ என்று அது கருதுவது எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும்தான். யூனிகோடில் தமிழின் உயிர்மெய்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘இணையும் குறி’ வகையில் இருக்கின்றன. எனவே அவை நிறுத்தற்குறிகளோடு சேர்த்து உதிர்க்கப்படுகின்றன. ‘தமிழ்’ என்பது ‘தமழ’ ஆகும். ‘செய்தி’ என்பது ‘சயத’ ஆகும். ‘கோவில்’, ‘காவல்’, ‘கவலை’ ஆகிய மூன்றும் ‘கவல’ என்ற ஒரே துண்டாகிவிடும். ஸ்லக்கை மட்டும் நம்பி இயங்கும் தளத்தில் கோவில் செய்தியைத் தொட்டவர் காவல் நிலையச் செய்தியில் போய் நிற்கலாம். இந்தி, வங்காளம், மலையாளம் என்று குறிகள் சேர்த்து எழுதும் மொழிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கதி உண்டு.

மூன்றாவது இடறல் பட்டியலில் இருக்கிறது. ஜாங்கோவின் ‘ஸ்லக்’ என்ற ஆயத்த வகை ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு தவிர வேறெதையும் ஏற்காது. தமிழ்த் துண்டைத் தரவுத்தளத்தில் சரியாகவே சேமித்திருந்தாலும், அந்த வகையில் வடிவம் எழுதியிருந்தால் பின்னோக்கிய படிப்பின் கடைசிச் சோதனை அதைத் தள்ளிவிடும். அப்போது வரும் பிழைச்செய்தி, பெயரும் மதிப்பும் சரியாக இருந்தும் வரி இல்லை என்று சொல்வதால், தமிழ்த் தளம் கட்டும் புதியவர்கள் தவறு எங்கே என்று தெரியாமல் திணறுகிறார்கள்.

தீர்வுகள் கடினமானவை அல்ல. துண்டு ஆக்கும் வேலைக்குச் சொந்தமாக ஒரு சிறு செயற்கூறு எழுதி, எழுத்து, எண் ஆகியவற்றோடு இணையும் குறி வகையையும் காக்கச் செய்யலாம். பட்டியலில் ‘சரம்’ வகையைப் பயன்படுத்தினால் சாய்கோடு தவிர எல்லாவற்றையும் அது ஏற்கும். இன்னும் இறுக்கம் வேண்டுமென்றால் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியிருக்கும் 128 இடங்களைச் சேர்த்துப் புதிய வகை ஒன்றைப் பதிவு செய்துகொள்ளலாம், ஜாங்கோ 2.0 முதல் அதற்கு வழி இருக்கிறது. ஒன்றை மறக்கக் கூடாது. ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைட்டுகள் வேறு, எனவே முகவரிகளும் வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இரண்டையும் ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட உறுதியான வழி, அடையாளத்தை எண்ணிடம் விட்டுவிடுவது. ‘/செய்தி/127/தஞ்சைக்-கோவில்/’ என்ற முகவரியில் செய்தியைத் தேட 127 மட்டும் பயன்படும். பின்னால் வரும் தலைப்பு வாசகருக்காக. அது தவறாக வந்தால் சரியான தலைப்புள்ள முகவரிக்குத் திருப்பிவிடலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் கேள்வி முகவரிகள் இப்படித்தான் இயங்குகின்றன. தலைப்பில் பிழை திருத்தினாலும் பழைய இணைப்பு உடையாது என்பதால் செய்தித்தளங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

தொட்டால் அழிக்கும் இணைப்புகள்

முகவரியை இத்தனை எளிதாக உருவாக்க முடிகிறது என்பதால் எல்லாவற்றையும் இணைப்பாக்கும் ஆசை வரும். ‘நீக்கு’ என்ற வியூவுக்கும் பட்டியலில் பெயர் உண்டு. குறிச்சொல்லில் அந்தப் பெயரைப் போட்டால் நீக்கும் இணைப்பு தயார். 2005 மேயில் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருள் இந்தப் பழக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பக்கங்கள் விரைவாகத் திறக்கட்டும் என்று அது பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பயனர் தொடும் முன்பே தானாக எடுத்து வைத்தது. ‘நீக்கு’ இணைப்புகளும் அதில் அடக்கம். உள்நுழைந்திருந்த பயனர்களின் தரவுகள் அவர்கள் அறியாமலே அழிந்தன. கூகுள் மீது பலர் கோபப்பட்டார்கள். ஆனால் சாதாரண இணைப்பு எதையும் மாற்றக் கூடாது என்று எச்டிடிபி விதி அதற்கு ஆறாண்டு முன்பே சொல்லியிருந்தது. மாற்றும் செயலுக்குப் படிவமும் பொத்தானுமே உரியவை. முகவரியை அதே குறிச்சொல்லால் உருவாக்கி, இணைப்பின் இடத்தில் அல்லாமல் படிவத்தின் இடத்தில் வைக்க வேண்டும். ஜாங்கோவே இதைத் தன் வெளியேறு பக்கத்தில் முழுமையாகக் கடைப்பிடிக்க 5.0 பதிப்பு வரை ஆனது. அதற்கு முன் வெறும் இணைப்பைத் தொட்டே வெளியேறலாம்.

மின்னஞ்சல் இணைப்புகளுக்கு இன்னொரு தேவை உண்டு. தளத்துக்குள் ‘/செய்தி/127/’ போதும். தளத்தின் பெயரைப் பிரவுசர் சேர்த்துக்கொள்ளும். மின்னஞ்சலுக்குத் தளப்பெயரோடு முழு முகவரி வேண்டும். வந்த கோரிக்கையிலிருந்து தளப்பெயரை எடுத்துச் சேர்க்கும் வசதி ஃப்ரேம்வொர்க்குகளில் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்வது கோரிக்கை அனுப்பியவர். அவர் பொய்யும் சொல்லலாம். கடவுச்சொல் மீட்பு மடலில் உள்ள இணைப்பு அப்படித் திருடனின் தளத்தைக் காட்டினால், மடல் உண்மையானது, இணைப்பு போலி என்ற விபரீதம் நேரும். எந்தெந்தத் தளப்பெயர்களை ஏற்கலாம் என்ற பட்டியலை ஜாங்கோ கட்டாயமாகக் கேட்பது இதற்காகத்தான்.

மாறிய முகவரிகள்

பெயரால் உருவாகும் இணைப்புகள் தளத்துக்குள் இருப்பவற்றை மட்டுமே காக்கும். வாசகர் குறித்துவைத்த முகவரி, தேடுபொறி சேமித்த முகவரி, போன வருடம் போன மின்னஞ்சலில் உள்ள முகவரி ஆகியவை பழைய வடிவத்திலேயே இருக்கும். ‘/செய்தி/127/’ என்பதை ‘/செய்தி/2024/127/’ ஆக்கிவிட்டுப் பழைய வரியைப் பட்டியலிலிருந்து நீக்கினால், உள்ளே எல்லாம் சரியாக இருக்க வெளியிலிருந்து வருபவர் அத்தனை பேரும் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பக்கத்தைப் பார்ப்பார்கள்.

எனவே பழைய வடிவத்தைப் பட்டியலில் விட்டுவைத்து, அதன் வியூவை மட்டும் மாற்ற வேண்டும். அந்த வியூவுக்கு ஒரே வேலை: எண்ணைக் கொண்டு செய்தியைத் தேடி, அதன் இன்றைய முகவரியைப் பின்னோக்கிய படிப்பால் பெற்று, வாசகரை அங்கே திருப்பிவிடுவது. இங்கும் புதிய முகவரியைக் கையால் எழுதக் கூடாது. எழுதினால் அடுத்த மாற்றத்தில் இந்தத் திருப்பமே உடையும். பழைய முகவரியை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்வது 301 என்ற குறியீடு. ஜாங்கோவில் திருப்பிவிடும்போது ‘நிரந்தரம்’ என்று தனியாகக் குறிப்பிட்டால்தான் அது போகும். குறிப்பிடாவிட்டால் தற்காலிக மாற்றத்துக்கான 302 போகும்.